எட்டாவது பிட்டும் மாமாவின் நோட்டும்

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வேற காரணம் ஒண்ணும் இல்லை. நடுவுல ஒரு வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா புன்னைக்காயல். தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போற ரோட்டில் ஆத்தூர் வந்ததும் கிழக்கே திரும்பணும். தாமிரபரணி கடலில் சேர்ற இடம். அதுக்கு மேல ரோடு கிடையாது.

மாமா வீட்டு டிரங்குப் பெட்டியைத் துழாவினப்போ ரெண்டு சாமான் கிடைச்சது. ஒண்ணு, நீளமான கணக்கு நோட்டு. இன்னொண்ணு, நாலா மடிச்ச ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் காகிதம். காகிதத்தைப் பத்திக் கடைசியில சொல்றேன். முதல்ல நோட்டு.

மாமா டிப்ளமோ முடிச்சவர். 1989லிருந்து தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் 'கம்ப்யூட்டர் பாக்கிறவர்'. அந்த வேலைக்கு அப்போ வேற பேரே கிடையாது. மெஷின் மக்கர் பண்ணினா அவரைக் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் என்ன கோளாறு, என்ன பண்ணினார், எது சரியாச்சு என்று தேதி போட்டு எழுதி வச்சிருக்கார். நான் 1997ல் பொறந்தவன். இணைப்பு வரலைன்னா ரூட்டரை அணைச்சுப் போடுறதுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம். பொட்டி தட்டுறவன்னு வெளிய சொல்லிக்கவே கொஞ்சம் வெட்கமாப் போச்சு அந்த நோட்டைப் படிச்சதும்.

பெரிய யூனிக்ஸ் சின்னப் பெட்டிக்கு வந்த கதை

யூனிக்ஸ் 1969ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அறையை அடைச்சுக்கிட்டு நிக்கிற இயந்திரங்களுக்கானது. அதை மேசை மேல் வைக்கிற அளவுக்குக் கொண்டுவர 1980களில் பலரும் முயற்சி பண்ணினாங்க. மைக்ரோசாஃப்ட் 1980ல் 'ஜெனிக்ஸ்' என்ற யூனிக்ஸை அறிவித்தது. (ஆமாங்க, அதே மைக்ரோசாஃப்ட்தான்!) அதைச் சாதாரண பிசிக்குக் கொண்டுவந்து விற்றது எஸ்சிஓ என்ற நிறுவனம். 1985ல் ஏடி அண்ட் டி கம்பெனியே 'யூனிக்ஸ் பிசி' என்ற பேரில் ஒரு பெட்டியை இறக்கியது. மோட்டரோலா 68010 சில்லு, உள்ளேயே மோடம். நல்ல பெட்டிதான், ஆனா பெருசா விலை போகலை.

நம்ம ஊர்ல கதை வேற மாதிரி. 1984ல் ரங்கராஜன் குழு வங்கிகளைக் கணினிமயமாக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து வங்கிகள் வாங்கிய இயந்திரங்களில் யூனிக்ஸ் வேணும் என்ற நிபந்தனை வந்தது. எச்சிஎல், விப்ரோ மாதிரி நம்ம நிறுவனங்கள் எல்லாம் யூனிக்ஸ் கத்துக்க வேண்டியதாச்சு. அந்தப் பழக்கம் வங்கியோடு நிக்கலை. ஒரு 386 பெட்டி, அதுக்குள்ள ஜெனிக்ஸ், பின்னாடி எட்டு வாய் உள்ள ஒரு சீரியல் கார்டு, ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கேபிள், கேபிள் முனையில் பச்சை எழுத்து டெர்மினல். ஒரு பெட்டியில ஆறு பேர் வேலை செய்யலாம். ஆறு பெட்டி வாங்கக் காசில்லாத ஊருக்கு இதைவிட வேறென்ன வேணும்?

இதுல கோளாறு வர்ற இடம் பெரும்பாலும் அந்தக் கேபிள்தான்.

நோட்டிலிருந்து சில

சீரியல் கேபிள்னா 25 ஊசி. அதுல முக்கியமானது மூணு. 2ஆம் ஊசி அனுப்ப, 3ஆம் ஊசி வாங்க, 7ஆம் ஊசி பொதுத் தரை. ரெண்டு முனையிலும் 2 அனுப்புறதுக்கே இருந்தா, ரெண்டு பேரும் ஒரே குழாயில் வாயை வச்சுப் பேசுற மாதிரி. யார் காதிலும் விழாது. அதனால 2ஐயும் 3ஐயும் குறுக்கே மாத்திச் சாலிடர் பண்ணணும். மோடமுக்குப் போற கேபிளில் மாத்தக் கூடாது. எது எங்கே என்று எழுதாத கேபிளால் எத்தனை மத்தியானம் போயிருக்கு என்று நோட்டைப் பாத்தா தெரியுது.

இன்னும் சில, என் வார்த்தையில்:

திரையில எல்லாமே குப்பையா வந்தா, வேகம் பொருந்தலை. ஒரு பக்கம் 9600, இன்னொரு பக்கம் 2400 என்று இருக்கும்.

பாதி எழுத்து சரியா, பாதி குப்பையா வந்தா, பாரிட்டி பொருந்தலை. (இது முக்கியம். திரும்ப வருவோம்.)

எழுத்து படிக்கட்டு மாதிரி வலப்பக்கமா இறங்கிக்கிட்டே போனா, வரி முடிஞ்சதும் முதல் பத்திக்குத் திரும்பு என்று யாரும் டெர்மினலுக்குச் சொல்லலை.

'மெஷின் செத்துப் போச்சு' என்று டைப்பிஸ்ட் கத்தினா, முதல்ல கன்ட்ரோலோடு 'க்யூ' விசையை அழுத்திப் பாரு. அவங்க கை தவறி 'எஸ்' அழுத்தியிருப்பாங்க. 'எஸ்'னா நில்லு, 'க்யூ'னா போ. இதுக்கு மட்டும் மாமா பன்னிரண்டு தடவை வண்டி எடுத்துக்கிட்டு போயிருக்கார் :-)

ஜெனிக்ஸில் ஒரே சீரியல் வாய்க்கு ரெண்டு பேர் உண்டு. கடைசி எழுத்து சின்ன 'ஏ' என்றால் மோடம் இல்லாத இணைப்பு. பெரிய 'ஏ' என்றால் மோடம் உள்ள இணைப்பு. டெர்மினலைத் தவறிப் பெரிய 'ஏ'யில் வச்சுட்டா, மோடம் எப்படா 'ஆள் வந்தாச்சு' என்று சொல்லும்னு அது காத்துக்கிட்டே கிடக்கும். கேபிள் சரி, டெர்மினல் சரி, மெஷின் சரி. ஆனா ஒண்ணுமே வராது. ஒரு எழுத்தோட அளவுல ரெண்டு நாள் போயிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. ரெண்டு யூனிக்ஸ் பெட்டிகளைக் கேபிளால் இணைச்சிருக்கார். யூனிக்ஸில் 'கெட்டி' என்று ஒரு சேவகன் உண்டு, வாசல்ல நின்னு 'யாரு நீ?' என்று கேக்கிறவன். ரெண்டு பக்கமும் கெட்டியை ஓடவிட்டுட்டார். இவன் 'லாகின்?' என்றான். அதையே பேருன்னு நினைச்சு அவன் 'பாஸ்வேர்ட்?' என்றான். இவன் அதைப் பாஸ்வேர்டா எடுத்துக்கிட்டு 'தப்பு, திரும்பச் சொல்லு' என்றான். ரெண்டு வாட்ச்மேன்கள் ராத்திரி முழுக்க ஒருத்தனை ஒருத்தன் விசாரிச்ச கதைதான். காலையில் வந்து பார்த்தா ரெண்டு மெஷினும் மூச்சு வாங்கிக்கிட்டு இருந்திருக்கு.

இதுக்கெல்லாம் மேல எங்க ஊர் உப்புக்காத்து. ஊசிகளில் ஆறு மாசத்துல பச்சையாக் களிம்பு ஏறும். நோட்டில் வருஷத்துக்கு ரெண்டு தடவை 'சுத்தம் செய்தேன், சரியாயிற்று' என்று இருக்கு. எந்த மேனுவலிலும் உப்புக்காத்துக்கு அத்தியாயம் இல்லை.

ஒரே கேபிள், முப்பது பேர்

அடுத்து வந்தது ஈதர்நெட். இப்போ மாதிரி ஆளுக்கொரு வயர் இல்லை. டிவி கேபிள் மாதிரி ஒரே கோ-ஆக்சியல் கேபிள் எல்லா மேசையையும் தொட்டுக்கிட்டுப் போகும். அதிகபட்சம் 185 மீட்டர், 30 இணைப்பு. ரெண்டு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டணும். மாட்டலைன்னா போன சிக்னல் முட்டித் திரும்பி வந்து எல்லார் பேச்சையும் கெடுக்கும். யாரோ ஒருத்தர் மேசையை நகர்த்தி ஒரு இணைப்பு லூசானா போதும், ஆபீஸ் முழுக்கப் படுத்துரும்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். எல்லாத்தையும் அணைச்சுட்டு, நடுவுல ஒரு டி-இணைப்பில் அளக்கணும். ரெண்டு 50 ஓம் இணையா இருக்கிறதால 25 ஓம் காட்டணும். 50 காட்டினா ஒரு பக்கம் அறுந்திருக்கு. அப்புறம் கேபிளைப் பாதியாப் பிரி, எந்தப் பாதியில கோளாறோ அதை மறுபடி பாதியாப் பிரி. கல்லூரியில் பைனரி சர்ச் என்று படிச்சோமே, அதேதான். மாமா அதைப் படிக்கலை, பண்ணியிருக்கார்.

கேபிள் சரி என்றால் அடுத்து கார்டு. அந்தக் கால நெட்வொர்க் கார்டுகள் பலதும் 3ஆம் எண் இன்டரப்ட்டோடு வரும். பிசியோட ரெண்டாவது சீரியல் வாய்க்கும் அதே 3தான். ரெண்டும் ஒரே மணியை அடிச்சா யார் கூப்பிடுறாங்கன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஜம்பரைப் பிடுங்கி வேற எண்ணில் மாட்டி, கெர்னலை மறுபடி லிங்க் பண்ணி, மெஷினைத் திருப்பி எழுப்பணும். ஒவ்வொரு முயற்சிக்கும் அரை மணி.

எல்லாம் முடிஞ்ச பிறகுதான் 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மியூஸ் எழுதின குட்டி நிரல். நீர்மூழ்கியின் சோனார் ஒலிதான் பேருக்குக் காரணம். எங்க ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். போட்டில் எக்கோ சவுண்டர் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், சத்தம் போட்டுட்டுத் திரும்பி வருதான்னு பாக்கிறது.

நோட்டின் முதல் பக்கத்துல மாமா பெருசா எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது இது: கீழேயிருந்து மேலே. கரண்ட், கேபிள், கார்டு, வேகம், பேரு, அப்புறம்தான் நிரல். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்தினதை எழுதணும்.

கடிதம் போகிற வழி

ஆபீசுக்குள்ள இப்படி. ஊர் விட்டு ஊர்?

1986ல் மின்னணுத் துறையும் ஐநா வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து எர்நெட்டை ஆரம்பிச்சாங்க. எட்டு இடம்: மும்பை என்சிஎஸ்டி, பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐந்து ஐஐடிகள் (சென்னை ஐஐடி உட்பட), டெல்லியில் மின்னணுத் துறை. என்சிஎஸ்டியில் இதை முன்னின்று நடத்தியவர் சீனிவாசன் ரமணி. பின்னாளில் 2014ல் இவரை 'இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் சேர்த்தாங்க. 1987 வாக்கில் டெலிபோன் லைன்ல மோடம் வச்சு மின்னஞ்சல் ஓட ஆரம்பிச்சது. 1989 மே 8ல் 'டாட் இன்' பதிவானது. 1991 ஜனவரியில்தான் டெல்லிக்கும் மும்பைக்கும் நிரந்தர லைன், வேகம் 9.6 கிலோபிட். இன்னைக்கு உங்க செல்போன்ல ஒரு போட்டோ பாக்கிற நேரத்துல அன்னைக்கு ஒரு வாரத்துக் கடிதமெல்லாம் போயிருக்கும்... இல்லை, தப்பு. ஒரு வாரத்துக் கடிதம் போகிற நேரத்துக்கு உங்க போட்டோ போயிருக்காது :-)

டெலிபோன் காலத்துல ஓடினது யூயூசிபி. பெல் ஆய்வகத்தின் மைக் லெஸ்க் 1970களின் பிற்பாதியில் எழுதினது. யூனிக்ஸிலிருந்து யூனிக்ஸுக்குக் கோப்பை நகலெடு, அவ்வளவுதான். ராத்திரி டெலிபோன் கட்டணம் குறைஞ்சதும் ஒரு மெஷின் இன்னொண்ணைக் கூப்பிடும். எதிர்முனை 'லாகின்' என்று சொல்லும்வரை காத்திருந்து பேரைச் சொல்லும். லைனில் முதல் எழுத்து அடிபட்டுப் போறது வழக்கம் என்பதால் முதல் எழுத்தை விட்டுட்டு மிச்சத்துக்கு மட்டும் காத்திருக்கும்படி எழுதி வைப்பாங்க. எவ்வளவு அடிபட்டவங்க எழுதின வழக்கம் பாருங்க!

முகவரியும் வேற மாதிரி. இன்னார் வழியா, இன்னார் வழியா என்று நடுவுல உள்ள எல்லா மெஷின் பேரையும் அனுப்புறவரே ஆச்சரியக்குறி போட்டுப் பிரிச்சு எழுதணும். நடுவுல ஒண்ணு படுத்தா கடிதம் அங்கேயே கிடக்கும். ஆனா ஒரு நல்ல குணம்: அடுத்த மெஷின் 'முழுசா வந்துருச்சு' என்று சொல்லும்வரை இந்த மெஷின் தன்கிட்ட இருக்கிறதை அழிக்காது.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க ஊர்ப் பழைய ஆள் ஒருத்தர் ஞாபகம் வந்தார். அண்டிரிக் அடிகளார். என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற போர்ச்சுக்கல் பாதிரியார். 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் வேலை. 1600ல் புன்னைக்காயலில்தான் இறந்தார். இந்தக் கடற்கரையிலிருந்து ரோமாபுரிக்குக் கடிதம் எழுதினவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பல் பருவக்காத்தைப் பாத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் போகும். பதில் வர ரெண்டு வருஷம் ஆகும். கப்பல் முழுகிப் போகலாம் என்பதால் சபையார் ஒரே கடிதத்தை ரெண்டு மூணு பிரதி எடுத்து, முதல் வழி, ரெண்டாம் வழி என்று குறிச்சு வேற வேற கப்பலில் அனுப்புவாங்க. வழியை நம்பாதே, நகலை வச்சுக்கோ. நானூறு வருஷம் முன்னாடியும் அதே பாடம்தான்.

இனி எட்டாவது பிட்

பாதி எழுத்து குப்பையா வர்ற கோளாறு என்று மேல சொன்னேனே, அதுக்கு வரேன். தமிழில் எழுதுற நம்ம எல்லாருக்கும் வேண்டிய விஷயம் இது.

கணினி எழுத்தை எண்ணா வச்சுக்கும். 1960களில் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி அட்டவணையில் மொத்தம் 128 இடம். அதுக்கு ஏழு பிட் போதும். ஆனா பைட் என்றால் எட்டு பிட். மிச்சம் ஒண்ணு சும்மா இருக்கே? அதைக் காவல் வேலைக்கு வச்சாங்க. அதுதான் பாரிட்டி. ஏழு பிட்டில் 1கள் ஒற்றைப்படையா இருந்தா எட்டாவதை 1 ஆக்கு, இரட்டையா இருந்தா 0 ஆக்கு. வழியில் ஒரு பிட் புரண்டா கண்டுபிடிச்சிடலாம். இரைச்சல் மிகுந்த டெலிபோன் லைனுக்கு நல்ல யோசனைதான். வாங்குற பக்கம் சரிபார்த்துட்டு அந்த எட்டாவது பிட்டைத் தூக்கிப் போட்டுரும்.

யூனிக்ஸ் லாகின் பல இடங்களில் இப்படி ஏழு பிட்டாத்தான் அமைச்சிருந்தது. யூயூசிபிக்கு எட்டும் வேணும். அதனால லாகின் நல்லா நடக்கும், கோப்பு அனுப்ப ஆரம்பிச்சதும் தொங்கிடும். 'பாஸ்வேர்ட் எடுத்துக்கிச்சு, அப்புறம் ஏன் போகலை?' என்று மாமா 1991ல் ஒரு வாரம் மண்டையை உடைச்சிருக்கார். நடுவுல ஒரு பெட்டி எட்டாவது பிட்டைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு. நோட்டில் அந்தப் பக்கத்துல எழுதியிருக்கார்: 'ஏழு பிட், ஈவன் பாரிட்டி. இங்கிலீஷ் மட்டும் அனுப்புகிறவனுக்கு இது கோளாறே இல்லை.'

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவே.

1982ல் மின்னஞ்சல் விதிகளை எழுதினப்போ, அதுவும் ஏழு பிட் என்றே எழுதினாங்க. அப்போ பேச வேண்டியவங்க எல்லாருக்கும் 128 இடம் போதுமா இருந்தது. தமிழுக்கு அங்கே இடம் இல்லை. அதனால நம்ம ஆளுங்க ரெண்டு வழியில போனாங்க. ஒண்ணு, ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்துலயே தமிழ் வடிவங்களை வச்ச எழுத்துரு. பத்திரமாப் போய்ச் சேரும், ஆனா எழுத்துரு இல்லாதவருக்கு ஆங்கிலக் குப்பை. ரெண்டாவது, 128க்கு மேல உள்ள இடங்களில் தமிழை வைக்கிறது. 1990களின் இறுதியில் உலகத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதிச்சு உருவாக்கின 'திஸ்கி' இந்த வகை. தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் வரும். ஆனா எட்டாவது பிட் உயிரோட இருந்தாத்தான் தமிழ் உயிரோட இருக்கும்.

திஸ்கியில் 'அம்மா' என்று அடிச்சா அ-வுக்கு 171, ம்-க்கு 245, ம-வுக்கு 193, துணைக்காலுக்கு 161. எட்டாவது பிட்டின் மதிப்பு 128. வழியில ஒரு மெஷின் அதை வெட்டினா 43, 117, 65, 33. அதாவது ஒரு கூட்டல் குறி, ஆங்கில 'யு', ஆங்கில 'ஏ', ஒரு ஆச்சரியக்குறி. அவ்வளவுதான் மிச்சம்.

இதைச் சரி செய்ய அந்த மெஷினில் ஒரு வரி மாத்தினா போதும். கெட்ட எண்ணம் எதுவும் அதுல இல்லை, யாரோ எப்போதோ வச்ச முன்னிருப்பு. ஆனா மாத்த வேண்டியவருக்குக் கோளாறு தெரியாது, கோளாறு தெரிஞ்சவருக்கு அந்த மெஷின் எங்கே இருக்குன்னே தெரியாது. 1992ல் 'மைம்' என்ற வழி வந்தது. எட்டு பிட் சரக்கை ஏழு பிட்டுக்குள்ள பொட்டலம் கட்டி அனுப்பி, அந்தப் பக்கம் பிரிக்கிறது. அதே வருஷம் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் அவர் கூட்டாளி ராப் பைக்கும் யுடிஎஃப்-8ஐ வடிவமைச்சாங்க. இப்போ நீங்க படிக்கிற தமிழ் அதுலதான் வருது. ஆனா தரம் எழுதிட்டா மட்டும் நடுவழியில் உள்ள எல்லா மெஷினும் ஒரே நாளில் திருந்திடுமா?

அந்தக் காகிதம்

பெரிய மாமா கப்பல்காரர். 2000ல் ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் இருந்தார். அந்த வருஷம் ஆச்சி இறந்துட்டாங்க. மாமா ஆபீஸ் கணினியில் 'முரசு அஞ்சல்' போட்டு, திஸ்கியில், தமிழில் அண்ணனுக்குக் கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார். கரையில ஒரு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து சாட்டிலைட் வழியா கப்பலுக்குப் போய், கேப்டன் அறை பிரிண்டரில் காகிதமா விழும்.

விழுந்தது. பெரிய மாமா கையில கிடைச்சது ஒரு பக்கம் முழுக்கக் கூட்டல் குறியும் ஆச்சரியக்குறியும் ஆங்கில எழுத்துக் குப்பையும். மேல தம்பி பேர் மட்டும் ஆங்கிலத்தில் தெளிவா இருந்தது. ஏதோ நடந்திருக்குன்னு தெரியுது, என்னன்னு தெரியலை. அடுத்த செய்தி வர ஒன்றரை நாள் ஆச்சு. மாமா காரணத்தைக் கேட்டவுடனே புரிஞ்சுக்கிட்டார். ஒன்பது வருஷம் முன்னாடி அவரே நோட்டில் எழுதினதுதானே. மாத்தச் சொல்லி யாரைக் கேக்க? கடிதத்தை ஆங்கில எழுத்தில் தமிழா அடிச்சு மறுபடி அனுப்பினார். ரெண்டே வரி.

பெரிய மாமா ரெண்டாவது காகிதத்தை வச்சுக்கலை. முதல் காகிதத்தைத்தான் தன் சிடிசி புக்குக்குள்ள வச்சிருந்தார். படிக்க முடியாத அந்தப் பக்கத்தை இருபது வருஷத்துக்கு மேல.

ராத்திரி உக்காந்து அதை அப்படியே தட்டச்சு பண்ணினேன். ஒவ்வொரு எழுத்தோடும் 128 கூட்டுற பத்து வரி நிரல் எழுதினேன். ஓட்டினா தமிழ் வந்துருச்சு! ஆனா எல்லா வாக்கியமும் 'ஈ'யில் முடிஞ்சது. 46 என்றால் முற்றுப்புள்ளி. 128 கூட்டினா 174, அது திஸ்கியில் 'ஈ'. காற்புள்ளி எல்லாம் 'ஆ' ஆகியிருந்தது. 'ராத்திரி 8 மணி' என்பது 'ராத்திரி க மணி' ஆகியிருந்தது. வெட்டினது எதை, வெட்டாதது எதைன்னு அந்தக் காகிதத்துக்குத் தெரியாதே. அதை எல்லாம் கண்ணால படிச்சுத்தான் திருத்தணும்.

திருத்த முடியாததும் உண்டு. கிரந்த எழுத்துகள் திஸ்கியில் 128ஐ ஒட்டியே இருக்கு. பிட் வெட்டினதும் அவை கட்டுப்பாட்டுக் குறிகளாகி, பிரிண்டர் அவற்றைக் காகிதத்தில் போடவே இல்லை. ஆச்சி பேர்ல முதல் எழுத்தே 'ஜ'. கடிதத்தில் நாலு இடத்துல அந்தப் பேர் வருது. நாலிலும் தலை இல்லை. நானே கையால சேர்த்தேன்.

காலையில் மாமாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை முழுசாப் படிச்சார்.

"லேய் மருமவனே, இம்புட்டு எழுதியிருந்தேனா நான்? ரெண்டு வரிதான் எழுதினேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அப்புறம் எழுந்து போய் பெரிய மாமாவுக்குப் போன் போட்டார். நான் வெளிய வந்துட்டேன்.

நண்பர்களே, உங்க வீட்டிலும் பழைய பிளாப்பியிலோ, மடிச்ச காகிதத்திலோ இப்படிக் குப்பை இருக்கும். தூக்கிப் போட்டுறாதீங்க. 128 கூட்டிப் பாருங்க.

டிஸ்கி: தலைப்பில் உள்ள நோட்டு இப்போ என்கிட்டதான் இருக்கு. கடைசிப் பக்கத்துல நானும் ஒரு வரி எழுதியிருக்கேன், தேதி போட்டு: 'எட்டாவது பிட் சேர்த்தேன். சரியாயிற்று.'